இந்த மாத்திரை இன்னும் தேவையா? மருந்துக் குறைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் முதியவர்களை அதிகம் பார்க்கும் பொது மருத்துவர் நான். நோயாளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்ட கேள்விகளையும், என்னுடன் பணிபுரியும் இளம் மருத்துவர்கள் கேட்ட கேள்விகளையும் வேண்டுமென்றே ஒரே பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன நினைத்துத் தயங்குகிறார் என்பது இரு தரப்புக்கும் தெரிய வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்த வேண்டாம். ஏன் என்பதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

தேவையற்ற மருந்து என்றால் என்ன? தேவையில்லாமலா டாக்டர் எழுதியிருப்பார்?

பெரும்பாலும் இல்லை. எழுதிய நாளில் அந்த மருந்துக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். காரணம் போன பிறகும் மருந்து போகாமல் தங்கிவிட்டது என்பதுதான் வழக்கமாக நடப்பது. மூட்டு வலிக்குப் பத்து நாள் வலி மாத்திரை கொடுத்தபோது, வயிறு புண்ணாகாமல் இருக்கட்டும் என்று சேர்த்து எழுதிய பான்டோப்ரசோல், வலி மாத்திரை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் காலையில் வெறும் வயிற்றில் போய்க்கொண்டிருக்கும். அதுபோலவே, 60 வயதில் பொருத்தமாக இருந்த அளவு, சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகமும் உடல் எடையும் குறைந்துவிட்ட 80 வயதில் அதே உடம்புக்கு அதிகமாகிவிடலாம்.

ஒரு மருந்தால் வரும் நன்மையைவிடத் தீமை கூடிவிட்டதா என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பார்த்து, தேவைப்பட்டால் மேற்பார்வையோடு அளவைக் குறைப்பதை அல்லது நிறுத்துவதை மருந்துக் குறைப்பு என்கிறோம். இதற்கு மருத்துவ உலகில் வழங்கும் ‘டீபிரிஸ்கிரைபிங்’ என்ற சொல் 2003-இல் ஆஸ்திரேலிய முதியோர் மருத்துவர் மைக்கேல் உட்வர்ட் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. சொல்தான் புதிது, “இது போதும், இனிமேல் வேண்டாம்” என்று சீட்டில் கோடு போட்டு அடித்துக் கொடுத்த குடும்ப டாக்டர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

எத்தனை மாத்திரைக்கு மேல் போனால் அதிகம்?

ஐந்து அல்லது அதற்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் பன்மருந்துப் பயன்பாடு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியல்ல. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு ஐந்து மருந்துகளும் தேவைப்படலாம். மூன்றே மருந்து சாப்பிடுபவருக்கு அதில் இரண்டு வீணாக இருக்கலாம். ‘எத்தனை’ என்பதைவிட ‘எதற்கு’ என்ற கேள்வியே பயன் தரும்.

மாத்திரைகள் ஏன் இப்படிக் குவிகின்றன?

சென்ற ஆண்டு பெரம்பூரிலிருந்து ஒரு மூதாட்டி, மகளுடன் வந்தார். இரண்டு கணுக்கால்களும் வீங்கியிருந்தன. குளியலறை வாசலில் இரவில் விழுந்து முழங்கையில் காயமும் இருந்தது. கொண்டுவந்த மஞ்சப்பையை மேசையில் கவிழ்க்கச் சொன்னேன். அரசு மருந்தகத்தில் இலவசமாக வாங்கிய அம்லோடிபின் ஓர் அட்டையில் இருந்தது. தனியார் கிளினிக்கில் எழுதிய வேறொரு பிபி மாத்திரையின் பளபளப்பான அட்டையைத் திருப்பிப் பார்த்தால், பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயரும், அதன் கீழே எறும்பு அளவு எழுத்தில் அம்லோடிபினும் அடெனலாலும் சேர்ந்தது என்ற விவரமும் இருந்தன. இரண்டையும் ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “இது சும்மா குடுக்குறது டாக்டர், அது காசு குடுத்து வாங்குறது, ரெண்டும் ஒண்ணா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஒரே மருந்து இரட்டிப்பானதும் கால் வீங்கியது, ஏனென்றால் அம்லோடிபினின் அளவு கூடும்போது கணுக்கால் வீக்கமும் கூடும். வீக்கத்துக்காக இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரையான ஃப்யூரோசிமைடு எழுதினார். அதனால் பொட்டாசியம் குறைந்தது. பொட்டாசியம் சிரப் சேர்ந்தது. மாலையில் சாப்பிட்ட நீர் மாத்திரையால் இரவில் நான்கு முறை எழ வேண்டியிருந்தது, தூக்கம் கெட்டது, தூக்க மாத்திரையான அல்பிரசோலம் வந்தது. அந்த மயக்கத்தில் எழுந்து போகும்போதுதான் விழுந்தார். ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று எண்ணி அதற்கு மறு மருந்து எழுதும் இந்தத் தொடரை ‘மருந்துச் சங்கிலி’ என்று நான் சொல்வதுண்டு. இதில் ஒவ்வொரு மருத்துவரும் தம் முன்னால் தெரிந்ததற்குச் சரியாகத்தான் எழுதினார். பை முழுவதையும் யாரும் பார்க்கவில்லை. இரட்டிப்பாக இருந்த அம்லோடிபினில் ஒன்றை நிறுத்தியதும் சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. பிறகு நீர் மாத்திரையும் சிரப்பும் தேவைப்படவில்லை. தூக்க மாத்திரையைக் குறைத்து முடிக்க மட்டும் மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இது தவிர, இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று தனித்தனி நிபுணர்களைப் பார்க்கும் நகரம் இது. ஒருவர் எழுதியதை மற்றவர் தொடத் தயங்குகிறார். ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டைக் காட்டினாலே மெடிக்கல் ஷாப்பில் அடுத்த மாதத்துக்கும் கிடைத்துவிடுகிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை நாளுக்கு என்று குறிப்பிடாத மருந்தை, ஆயுளுக்கும் என்றே குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன.

எந்த மருந்துகளைப் பற்றி முதலில் கேட்கலாம்?

முதலில் ‘கேஸ் மாத்திரை’. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் ஆகியவை வாயுவுக்கான மருந்துகள் அல்ல. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பவை. நெஞ்செரிச்சலுக்குப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரம் போதும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களிடம் மெக்னீசியமும் வைட்டமின் பி12-உம் குறைவதையும், எலும்பு முறிவு சற்று அதிகமாக இருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நம் ஊரில் விற்கும் பல கேஸ் கேப்ஸ்யூல்களில் டோம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்தும் கலந்திருக்கிறது. முதியவர்களுக்கு அது இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடும் என்பதால் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-இலேயே அறிவுறுத்தியது. ஆனால், ஏற்கெனவே வயிற்றில் இரத்தக் கசிவு வந்தவர்களும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்துச் சாப்பிடுபவர்களும், வலி மாத்திரையை விட முடியாதவர்களும் அமிலக் குறைப்பு மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். அதனால்தான் ‘எதற்கு’ என்று கேட்கச் சொல்கிறேன்.

அடுத்தது தலைசுற்றல் மாத்திரை. சின்னரிசின் சில நாள்களுக்கு நல்ல மருந்து. மாதக்கணக்கில் தொடர்ந்தால், முதியவர்களுக்குக் கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் உணர்ச்சியின்றி இறுகும். பார்ப்பதற்கு அப்படியே பார்க்கின்சன் நோய்தான். அதற்கு மாத்திரை தொடங்கிய பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. இளம் மருத்துவர்களுக்கு நான் சொல்வது: நடுக்கத்தோடு வரும் முதியவரிடம் முதலில் தலைசுற்றலுக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

தூக்க மாத்திரையும் பதற்றத்துக்கான மாத்திரையும், அதாவது அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் ஆகியவை, முதியவர்களுக்கு மறதியையும் தடுமாற்றத்தையும் விழுதலையும் கூட்டுகின்றன. சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், அரிப்புக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிசின், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் வெளியிட்டார். அது அவர் பெயரிலேயே இன்றும் திருத்தப்பட்டு வருகிறது. மேலே சொன்ன பல மருந்துகள் அதில் உள்ளன.

சர்க்கரை மாத்திரையைப் பற்றிச் சென்னையில் பேசாமல் இருக்க முடியாது. கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து. சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு விடியற்காலையில் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கத்தில் தள்ளிவிடும். ஏகாதசி விரதம் இருக்கும் வீடுகளில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல நோய்கள் உள்ள தளர்ந்த முதியவருக்கு, மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 8 சதவீதம் வரை இருக்கலாம் என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. 6 சதவீதத்துக்கு இறக்கிக் காட்டுவதில் அவருக்குப் பெருமை உண்டே தவிர, நன்மை அதிகம் இல்லை.

ஆஸ்பிரின் கொஞ்சம் வேறு. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அது உயிர் காக்கும் மருந்து. எதுவும் வராமலே ‘இரத்தம் உறையாமல் இருக்க’ என்று சாப்பிடுபவரின் நிலை அதுவல்ல. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைக் கடந்த 19,114 பேரிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. நலமாக இருந்த அவர்களுக்குத் தினசரி ஆஸ்பிரின் நோயற்ற வாழ்நாளைக் கூட்டவில்லை. இரத்தக் கசிவைக் கூட்டியது. உங்கள் சீட்டில் ஆஸ்பிரின் இருந்தால், நீங்கள் இதில் எந்த வகை என்று உங்கள் டாக்டரிடம் தெரிந்துகொள்ளுங்கள்.

எவற்றைத் தாமாக நிறுத்தவே கூடாது?

ஸ்டென்ட் வைத்த பிறகு தரும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் இதய மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட விடாதீர்கள். பல் பிடுங்குவதற்காகவும் விடாதீர்கள். அடெனலால், மெட்டோபிரோலால் போன்ற பிபி, இதய மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் நெஞ்சுவலியும் படபடப்பும் வரலாம். குளோனிடினை விட்டால் இரத்த அழுத்தம் முன்பைவிட மேலே ஏறும். சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்ட பிரெட்னிசலோனை ஒரேயடியாக நிறுத்தினால், உடம்பு தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு இல்லாமல் உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பு மருந்து, மனநல மருந்து, பல ஆண்டு சாப்பிட்ட தூக்க மாத்திரை, இன்சுலின், தைராய்டு மாத்திரை, காசநோய் மருந்து ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

“இது தேவையா” என்று கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

சிலர் கோபித்துக்கொள்வார்கள், அதை மறைத்து எழுத விரும்பவில்லை. ஆனால் பெரும்பாலும் கோபம் கேள்வியால் வருவதில்லை, கேட்கும் விதத்தாலும் நேரத்தாலும் வருகிறது. சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பி, “டாக்டர், வாட்ஸ்அப்ல இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு வந்திருக்கு” என்றால், வெளியே இருபது டோக்கன் காத்திருக்கும் மருத்துவரிடம் நல்ல பதிலை எதிர்பார்க்க முடியாது.

உட்கார்ந்தவுடன் சொல்லுங்கள்: “டாக்டர், இன்னைக்கு என் மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வந்திருக்கேன். இதுல எதையாவது குறைக்க முடியுமான்னு நீங்க பார்த்துச் சொல்லணும்.” இதில் குற்றச்சாட்டு இல்லை, மருத்துவரின் அறிவை நம்பிக் கேட்பதாகவே ஒலிக்கும். பிறகு ஒவ்வோர் அட்டைக்கும் “இது எதுக்கு? இன்னும் எவ்வளவு நாளைக்கு?” என்ற இரண்டே கேள்விகள் போதும். உங்களைத் தொந்தரவு செய்யும் விஷயத்தையும் அதோடு சொல்லுங்கள். தலை சுற்றுகிறது, பசி இல்லை, மாதம் மூவாயிரம் ரூபாய் மருந்துக்கே போகிறது என்று எதுவானாலும் சரி. செலவைச் சொல்ல வெட்கப்படுபவர்கள் பலர், கடைசியில் மருத்துவருக்குத் தெரியாமல் தேவையான மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார்கள்.

சாப்பிடாமல் விட்ட மாத்திரையையும் மறைக்காதீர்கள். “கொழுப்பு மாத்திரையை ரெண்டு மாசமா சாப்பிடல” என்று சொன்னால் திட்டு விழும் என்று நினைக்கிறீர்கள். சொல்லாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மருத்துவர் அளவைக் கூட்டிவிடுவார்.

மருத்துவர் கேட்கிறார்: “நிறுத்தலாம்” என்றதும் நோயாளியின் முகம் சுருங்கிவிடுகிறதே, எப்படித் தொடங்குவது?

இதை நான் தவறாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன். 82 வயதுப் பெரியவர் ஒருவருக்கு எச்பிஏ1சி 6.1 இருந்தது, விடியற்காலையில் வியர்த்து நடுங்குவதாகச் சொன்னார். சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. “ஐயா, இந்த வயசுல இவ்வளவு கட்டுப்பாடு தேவையில்ல, இந்த மாத்திரைய விட்டுடலாம்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று இரவு மகன் போன் செய்தார். “அப்பா சாப்பிடாம உட்கார்ந்திருக்கார் டாக்டர். இனிமே எனக்கு ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்னு சொல்றார். உண்மையா?”

மருத்துவமாகப் பார்த்தால் நான் சொன்னது சரி. அவர் காதில் விழுந்தது ‘இந்த வயசுல’ என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. நம் வீடுகளில், டாக்டர் மருந்தை நிறுத்துகிறார் என்றால் கைவிட்டுவிட்டார் என்று பொருள். ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்ற வாக்கியத்தின் நிழல் அதன் மேல் விழுந்திருக்கிறது. எனவே இப்போது வயதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன். அவர் உடம்பில் நடப்பதைப் பற்றிப் பேசுகிறேன். “உங்க சர்க்கரை நல்லா குறைஞ்சிருக்கு, விடியக்காலைல வர நடுக்கம் இந்த மாத்திரையாலதான். இதை நிறுத்திப் பார்ப்போம். ரெண்டு வாரம் கழிச்சு நானே பார்க்கறேன், சர்க்கரை ஏறினா திரும்பத் தொடங்கிடலாம்” என்று சொன்னால், அதற்குள் காரணம் இருக்கிறது, சோதனை முயற்சி என்ற எண்ணம் இருக்கிறது, மறுபடி பார்க்கும் நாளும் இருக்கிறது. இந்த மூன்றில் கடைசியானது இல்லாமல் நிறுத்துவது உண்மையிலேயே கைவிடுவதுதான்.

நோயாளிகள் மருந்தை விட மறுப்பார்கள் என்ற அச்சம் நம்மிடம்தான் அதிகம். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 65 வயதைக் கடந்தவர்களில் 92 சதவீதத்தினர், மருத்துவர் முடியும் என்று சொன்னால் தம் மருந்துகளில் ஒன்றையாவது நிறுத்தத் தயார் என்றனர். நம் ஊரில் எண் வேறாக இருக்கலாம். ஆனால் “எனக்கே இத்தனை மாத்திரை சாப்பிடப் புடிக்கல டாக்டர், நீங்க கேட்டதாலதான் சொல்றேன்” என்ற பேச்சு என் அறையில் வாரந்தோறும் கேட்கிறது.

மருந்து எழுதாத டாக்டர் நல்ல டாக்டர் இல்லை என்ற எண்ணமும் உண்டு. ஊசி போடாமல் அனுப்பினால் கட்டணம் ஏன் என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். ஒரு மருந்தை நிறுத்தும்போது வேறொன்றைச் செய்யக் கொடுங்கள்: சர்க்கரையைக் குறித்துவர ஒரு தாள், இரவு காப்பியை விடச் சொல்வது, மாலை நடை என்று ஏதேனும் ஒன்று. வெறுங்கையோடு அனுப்பியதாக அவருக்குத் தோன்றக் கூடாது.

இன்னொரு மருத்துவர் எழுதிய மருந்தை நான் எப்படி நிறுத்துவது?

பேசித்தான். நீங்கள் நிறுத்த நினைக்கும் காரணத்தை இரண்டு வரியில் எழுதி நோயாளியிடமே கொடுத்தனுப்பலாம், அல்லது தொலைபேசியில் அழைக்கலாம். “நீங்கள் எழுதிய மருந்து தவறு” என்ற தொனியில்லாமல், “இப்போது அவருக்கு இந்தத் தொந்தரவு இருக்கிறது, தொடர வேண்டிய காரணம் உங்களிடம் இருக்கிறதா” என்று கேட்டால், பத்தில் எட்டு முறை, “நான் மூன்று மாதத்துக்குத்தானே எழுதினேன், இன்னுமா சாப்பிடுகிறார்?” என்ற பதில் வருவது என் அனுபவம். நோயாளியின் முன்னால் மட்டும் மற்ற மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள்; அவர் இருவர் மேலும் நம்பிக்கை இழந்து, எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிடுவார்.

ஓ.பி.யில் ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. இதற்கெல்லாம் நேரம் ஏது?

ஒரே நாளில் பை முழுவதையும் சரிசெய்ய முயலாதீர்கள். ஒரு வருகைக்கு ஒரு மருந்து என்று வைத்துக்கொண்டால் ஐந்து நிமிடம் போதும். மருத்துவமாகவும் அதுவே நல்லது. இரண்டை ஒன்றாக நிறுத்தினால், பிறகு வரும் மாற்றம் எதனால் என்று தெரியாது.

பேச்சின் பாதியை வெளியிலேயே நடத்திவிடலாம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2014-இல் வெளியான எம்பவர் ஆய்வில், நெடுநாள் தூக்க மாத்திரை சாப்பிட்ட 303 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு, அந்த மாத்திரை என்ன செய்கிறது, அதைப் படிப்படியாக எப்படி விடுவது என்று விளக்கும் கையேட்டைக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதத்தினர் மாத்திரையை விட்டிருந்தனர். பெறாதவர்களில் 5 சதவீதத்தினரே விட்டிருந்தனர். அவர்கள் தாமே தங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ போய்ப் பேச்சைத் தொடங்கியதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. காத்திருக்கும் கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே எளிய தமிழில் அப்படி ஒரு தாளை வைப்பதற்குப் பெரிய செலவில்லை.

மகன் அமெரிக்காவில் இருக்கிறார். மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகள். யாரிடம் பேசுவது?

முதலில் நோயாளியிடம். அவர் எதிரிலேயே அவரைத் தாண்டிப் பிள்ளைகளிடம் பேசும் பழக்கம் நம் மருத்துவர்களுக்கு உண்டு, நானும் விதிவிலக்கல்ல. அடுத்து, டப்பாவில் மாத்திரை பிரித்துப் போடுபவரிடம் பேச வேண்டும். எந்த நேரத்து மாத்திரை மிஞ்சுகிறது, எதைச் சாப்பிட்டால் அத்தை மதியம் முழுதும் தூங்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு, ஏன் நிறுத்தினோம் என்பதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். அருகில் இல்லாத குற்ற உணர்ச்சியில், “நிறுத்தாதீங்க, செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க” என்று சொல்பவர்களே அதிகம். செலவு இதில் முதல் காரணமே அல்ல என்று அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

நிறுத்துவது என்று முடிவானால், எப்படி நிறுத்துவது?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. சிலவற்றை நாளையே விடலாம். தூக்க மாத்திரையை அப்படி விட்டால் தூக்கமின்மையும் பதற்றமும் முன்பைவிட மோசமாக வரும், வலிப்புகூட வரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு குறைப்பது ஒரு வழக்கம். கடைசிக் கட்டத்தில் அதைவிட மெதுவாக. கால் பங்காக உடைக்க வராத மாத்திரை என்றால், குறைந்த அளவுள்ள அட்டையாக மருத்துவரே மாற்றி எழுதுவார்.

அமிலக் குறைப்பு மருந்தை நீண்ட நாளுக்குப் பிறகு விட்டால், அடக்கி வைத்திருந்த அமிலம் சில வாரங்களுக்கு அதிகமாகச் சுரக்கும். அப்போது வரும் நெஞ்செரிச்சலைப் பார்த்து, “பார்த்தீங்களா, எனக்கு இந்த மாத்திரை இல்லாம முடியாது” என்று பலர் திரும்பத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பாதி அளவு, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தேவைப்படும்போது மட்டும் என்று இறங்கினால் இது குறையும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிப்பதும் உதவும்.

இரண்டு மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் கலந்திருந்தால் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை அதற்கு எடுத்துக்காட்டு. அங்கே மருத்துவர் முதலில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுவார்; எண்ணிக்கை தற்காலிகமாகக் கூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நிறுத்திய பிறகு பழைய தொந்தரவு திரும்பினால்?

திரும்பத் தொடங்கலாம். அந்த மருந்து உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்று தெரிந்துகொண்டதும் ஒரு பயன்தான். எந்தத் தொந்தரவு வந்தால் உடனே வர வேண்டும், எது தானே சரியாகும் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

சித்த மருந்து, லேகியம், வெளிநாட்டிலிருந்து வந்த வைட்டமின் எல்லாம் சொல்ல வேண்டுமா?

ஆம், எல்லாவற்றையும். ‘அது மருந்து இல்ல, சத்து’ என்று பையில் போடாமல் விட்டுவருபவர்களே அதிகம். சத்து மாத்திரையில் இருக்கும் கால்சியம் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு முடிவு செய்யலாமா?

முடிவை மருத்துவரிடம் எடுங்கள். தகவலை மருந்தாளுநரிடம் கேளுங்கள். இரண்டு அட்டைகளில் இருப்பது ஒரே மருந்தா என்பதை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அல்பிரசோலம் போன்றவை 2014 மார்ச் முதல் இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ளன. அவற்றைச் சீட்டு இல்லாமல் தரக் கூடாது. யாருக்குத் தந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்கவும் வேண்டும். பழக்கத்துக்காக ஓர் அட்டை கொடுத்து உதவும் கடைக்காரர் உங்களுக்கு நன்மை செய்யவில்லை.

சென்னையில் இதற்கென்று எங்கே போகலாம்?

உங்களை நெடுநாளாகத் தெரிந்த குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமே தொடங்குங்கள். இல்லையென்றால் முதியோர் மருத்துவப் பிரிவு பொருத்தமானது. இந்தியாவில் அத்துறைக்கு வழி காட்டியதே இந்த நகரம்தான்: சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிபி, சுகர் மாத்திரை தரும் தன்னார்வலரிடம், வெளியில் என்னென்ன வாங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். தனியார் டாக்டரிடம் போகும்போது அவர்கள் தரும் அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

நிறுத்திய மாத்திரைகள் மிச்சம் இருக்கின்றன. என்ன செய்வது?

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், “எனக்கும் பிபிதானே” என்று கேட்டாலும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சாமி அலமாரியிலோ ஃபிரிட்ஜ் கதவிலோ வைத்தால், மூன்று மாதம் கழித்து யாராவது எடுத்துத் திரும்ப டப்பாவில் போட்டுவிடுவார்கள். பிரிக்காத அட்டையைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். எடுக்காவிட்டால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பழைய காப்பித் தூளோடோ மண்ணோடோ கலந்து மூடிய பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். பழைய சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். அந்த மருந்தின் பெயருக்கு எதிரே ‘நிறுத்தப்பட்டது’ என்று எழுதி, தேதியையும் காரணத்தையும் போட்டு, சீட்டைக் கோப்பிலேயே வையுங்கள். அடுத்த முறை புதிதாக ஒரு மருத்துவரைப் பார்க்கும்போது அவர் அதே மருந்தை மறுபடி எழுதப் போனால், காட்டுவதற்கு உங்கள் கையில் அந்தத் தாள் இருக்கும்.